வாரத்துக்கு ஒருநாள் என்றால் ஒருநாள்தான்

இந்த மாதமும் ஒரு அம்மா வந்துவிட்டார். வாய் முழுக்கப் புண், ரசம் சோறுகூட இறங்கவில்லை, கூடவே காய்ச்சல். ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் அதலபாதாளத்தில். டெங்குவாக இருக்குமோ என்று வார்டில் பேசிக்கொண்டிருக்கையில், ஃபார்ம்.டி என்ற மருந்தாளுநர் படிப்பு படிக்கும் எங்கள் மாணவி அவருடைய மருந்துப் பையைக் கட்டிலில் கொட்டி அட்டை அட்டையாகப் பார்த்தாள். கிடைத்தது மெத்தோட்ரெக்ஸேட். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடவேண்டிய மாத்திரை. கடைக் கவரிலோ பேனாவால் 1-0-0. அந்த அம்மாவும் தினமும் காலையில் தவறாமல் போட்டிருக்கிறார்.

மருந்துப் பிழைகளைப் பற்றி ஆய்வு செய்து, அதையே பாடமாகவும் நடத்துகிறவன் நான். இது உலகம் முழுக்கத் தெரிந்த பிழை. இதற்காகவே ஐரோப்பிய மருந்து முகமை 2019-ல் தனி எச்சரிக்கை விட்டது. இருந்தும் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் மூட்டுவது அந்த அம்மாவின் மகன் கேட்ட கேள்வி: “வெறும் 7.5 மில்லிகிராம்தானே சார்? பாராசிட்டமாலே 650 போடுறோமே?” ஐயா, மில்லிகிராம் என்பது எடை. வீரியம் அல்ல. பச்சை மிளகாயையும் பூசணிக்காயையும் தராசில் வைத்துக் காரம் பார்ப்பீர்களா? தைராய்டுக்குப் போடும் 100 மைக்ரோகிராம் என்பது 0.1 மில்லிகிராம்தான். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் 0.25 மில்லிகிராம், அதில் கொஞ்சம் கூடினாலே இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினோ 500, 1000 என்று வருகிறது. ஒரு மருந்தின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிட்டு ‘இது லேசானது’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள்.

இன்னொரு வம்பும் உண்டு. மெத்தோட்ரெக்ஸேட்டுடன் ஃபோலிக் அமிலம் என்ற வைட்டமின் மாத்திரையும் எழுதுவார்கள். இரண்டுமே பெரும்பாலும் சின்ன மஞ்சள் மாத்திரைகள். சில பிராண்டுகள் பெயரிலும் ஒரே மாதிரி ஆரம்பிக்கும். மாறிப்போக இதைவிட என்ன வேண்டும்?

நம் நாட்டில் ஃபார்ம்.டி படிப்பு 2008-ல் வந்தது. ஆறு வருடப் படிப்பு, கடைசி வருடம் முழுக்க மருத்துவமனையில். மருந்தாளுநர் நோயாளிக்கு விளக்கிச் சொல்லவேண்டும் என்று 2015-ல் வந்த மருந்தகப் பணி விதிமுறைகளும் சொல்கின்றன. சரி, மாலை ஏழு மணிக் கூட்டத்தில் கவுண்டரில் நிற்பது யார்? அதைக் கேட்டால் சங்கடம்.

மெத்தோட்ரெக்ஸேட்டை எந்தக் கிழமை போடவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கிழமையைக் கடைக் கவரிலும் எழுதச் சொல்லுங்கள், எழுதும்வரை நகராதீர்கள். வாராந்திர மாத்திரையைத் தினசரி டப்பாவில் போடவே கூடாது. ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். வேறு டாக்டர் சிறுநீர்த் தொற்றுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதைச் சொல்லுங்கள். இரண்டும் சேரக்கூடாது. கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். இதைப் படித்துப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். முறையாகப் போட்டால் மூட்டுகளைக் காப்பாற்றும் நல்ல மருந்து இது. தவறித் தினமும் போட்டுவிட்டீர்களா? அடுத்த மாத்திரையைத் தொடாதீர்கள். வாய்ப்புண் வரட்டும் என்று காத்திராமல், அட்டையைக் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். இதன் நச்சுத்தன்மையை முறிக்க லூக்கோவோரின் என்ற முறிவு மருந்து இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. வீட்டிலிருக்கும் ஃபோலிக் அமிலம் அதற்கு ஈடாகாது.