சில்வர் ஷேடோ வாங்குகிறீர்களா? பெயின்டுக்கு முன்னால் பிரேக் ஆயிலைப் பாருங்கள்

பழைய ரோல்ஸ் ராய்ஸ் ஒன்று விலைக்கு வந்தால் கண் முதலில் போவது பெயின்டுக்கும் டாஷ்போர்டு மரத்துக்கும் லெதர் சீட்டுக்கும்தான். அடுத்து பானெட்டைத் தூக்கி இன்ஜின் சத்தம் கேட்பார்கள். சத்தமில்லாமல் ஓடினால் பேரம் முடிந்துவிடும். சில்வர் ஷேடோவுக்கு இந்த வரிசை ஒத்துவராது. 1965 முதல் 1980 வரை இங்கிலாந்தின் கிரூ நகரில் தயாரான இந்தக் காரில், வி8 இன்ஜின் பெரும்பாலும் ஆளைக் கைவிடாது. வாங்கியவரின் சேமிப்பைக் கரைப்பதும், சில நேரம் உயிரோடு விளையாடுவதும் அதன் பிரேக் ஹைட்ராலிக்ஸ்தான்.

சாதாரணக் காரில் நம் கால் அழுத்தம் மாஸ்டர் சிலிண்டர் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. ஷேடோவில் அப்படி இல்லை. வி வடிவ இன்ஜினின் நடுப் பள்ளத்தில் இரண்டு சிறிய பம்புகள் உட்கார்ந்திருக்கும். கேம்ஷாஃப்ட் அவற்றை ஓட்டும். அவை ஆயிலை இரண்டு அக்குமுலேட்டர்களுக்குள் தள்ளும். அக்குமுலேட்டர் என்பது நடுவில் ரப்பர் டயஃப்ரம் வைத்த இரும்பு உருண்டை. ஒரு பக்கம் சுமார் 1,000 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். ஆயில் அழுத்தம் 2,500 பிஎஸ்ஐ வரை ஏறும். பெடலை மிதிக்கும்போது நாம் வால்வைத்தான் திறக்கிறோம். வேலை செய்வது சேமித்து வைத்த அந்த அழுத்தம். பின்பக்க உயரத்தைச் சரிசெய்யும் லெவலிங்கும் இதே ஆயிலில்தான் ஓடுகிறது. சித்ரோன் நிறுவனத்திடம் உரிமம் பெற்றுச் செய்த ஏற்பாடு இது.

ஆரம்ப கால ஷேடோக்களில் இதோடு ஒரு மாஸ்டர் சிலிண்டரும் உண்டு. அழுத்தம் போனாலும் கொஞ்சம் பிரேக் மிஞ்சும். பிற்காலத்து வண்டிகளில் அதை எடுத்துவிட்டார்கள். அவற்றில் இரண்டு அக்குமுலேட்டர் சுற்றுகளிலும் அழுத்தம் இறங்கினால், பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. பார்க்கிங் பிரேக் மட்டுமே மிச்சம். வாங்கப்போகும் வண்டி இதில் எந்த வகை என்று கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். சேஸிஸ் எண் இதற்கு உதவும். எஸ்ஆர்ஹெச் என்று தொடங்கினால் சாதாரண நீள ரோல்ஸ், வலது ஸ்டீயரிங். ஆர் இருக்குமிடத்தில் பி இருந்தால் அது பென்ட்லி டி, அதாவது இதே காரின் பென்ட்லி வடிவம். ஹெச்சுக்குப் பதில் எக்ஸ் என்றால் இடது ஸ்டீயரிங். ஸ்பேர் ஆர்டர் செய்யும்போது ஆண்டைச் சொல்லாமல் முழு சேஸிஸ் எண்ணைச் சொல்லுங்கள். உற்பத்தி நடந்துகொண்டிருந்தபோதே ஹைட்ராலிக் பாகங்கள் பலமுறை மாறியிருக்கின்றன.

இனி, அதிகம் பேரைக் கவிழ்க்கும் விஷயம். நம் ஊரில் எல்லாவற்றுக்கும் 'பிரேக் ஆயில்' என்று ஒரே பேர். ஷேடோவுக்குச் சரியானது ஆர்ஆர் 363. அது கிளைக்கால் வகை ஃபுளூயிட். பம்பும் வால்வும் தேயாமல் இருக்க உயவுக்கான சேர்மானம் அதில் உண்டு. கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 ஊற்றினால் வண்டி ஓடும்; பிரேக்கும் பிடிக்கும். ஆனால் உயவு இல்லாமல் பம்பு தேயத் தொடங்கும், பின்சக்கரப் பக்கம் கிரீச்சிடும். இதைவிடக் கொடுமை மினரல் ஆயில். 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கு நிறுவனம் மினரல் ஆயில் முறைக்கு மாறியது. 'ரோல்ஸ் ராய்ஸ் ஆயில்' என்று கேட்டு, அந்தப் பச்சை ஆயிலை வாங்கி ஷேடோவில் ஊற்றினால், கிளைக்கால் வகைக்காகச் செய்த ரப்பர் சீல்கள் உப்பி, மிருதுவாகி, குழைந்துவிடும். ஸ்பிரிட்டில் டாட் ஆயிலை ஊற்றினாலும் இதே கதிதான். ஒரு டம்ளர் ஊற்றினாலே போதும். பிறகு கழுவி ஊற்றித் தப்பிக்க வழியில்லை. பம்பு, அக்குமுலேட்டர் வால்வு, பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர், பின்பக்க உயரத்தைச் சரிசெய்யும் ஹைட் கன்ட்ரோல் வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் கழற்றி ரப்பர் மாற்ற வேண்டும். அந்தச் செலவு பல வண்டிகளில் வாங்கிய விலையையே தொட்டுவிடும். இதைச் செய்பவர் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. லெவல் குறைந்திருக்கிறதே என்று அக்கறையோடு டாப்-அப் செய்யும் டிரைவர்தான் பெரும்பாலும் செய்கிறார்.

வண்டி பார்க்கப் போகும்போது செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். இன்ஜினை நான்கைந்து நிமிடம் ஓட விடுங்கள். டாஷ்போர்டில் இரண்டு பிரேக் அழுத்த விளக்குகளும் அணைய வேண்டும். இன்ஜினை அணைத்து, இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, பெடலை ஒரே சீராக மிதித்து எண்ணுங்கள். முதல் விளக்கு எத்தனையாவது மிதியில் எரிகிறது, இரண்டாவது எத்தனையில் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல அக்குமுலேட்டர் 40, 50 மிதி தாங்கும். 20-க்குக் கீழே போனால் நைட்ரஜன் கசிந்துகொண்டிருக்கிறது, வேலைக்கு நாள் குறிக்கலாம். 10-க்குள் எரிந்தால் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள், லாரியில் ஏற்றுங்கள். 80 மிதித்தும் எரியவே இல்லையா? சந்தோஷப்பட வேண்டாம். பல்பு கழற்றப்பட்டிருக்கலாம், அல்லது பிரஷர் சுவிட்ச் செத்திருக்கலாம். விற்கும் முன் பல்பைக் கழற்றுவது பழைய வித்தை.

அடுத்து ஒரு டார்ச்சை எடுத்து, பிரேக் ஆயில் தொட்டியான ரிசர்வாயருக்குள் பாருங்கள். புது ஆயில் வெளிர் வைக்கோல் நிறம். பார்ப்பது கடுங்காப்பி நிறத்தில் இருந்து, அடியில் விரலால் வழித்து எடுக்கும் அளவுக்குச் சேறு படிந்திருந்தால், அந்தச் சேறுதான் வால்வுகளுக்குள்ளும் இருக்கிறது. கிளைக்கால் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் கடலோர ஊர்களில் இன்னும் வேகமாக இழுக்கும். ஈரம் சேர்ந்தால் இரும்புக் குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும், கேலிப்பர் பிஸ்டன் குழிகுழியாக அரித்து ஒட்டிக்கொள்ளும். அதனால் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும். ரிசர்வாயரைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் ஏர் எடுக்கத் தொடங்காதீர்கள். அந்தச் சேறு மறுபடி உள்ளே போகும். கையில் 5 லிட்டர் இருந்தால் நிம்மதியாகச் செய்யலாம்.

வேலை செய்யும் மெக்கானிக்குக்கு ஓர் எச்சரிக்கை. இன்ஜின் அணைந்த பிறகும் இந்தக் குழாய்களுக்குள் 2,500 பிஎஸ்ஐ அப்படியே நிற்கும். எந்தக் குழாய் இணைப்பிலும் ஸ்பேனர் வைப்பதற்கு முன்னால், இரண்டு விளக்கும் எரியும்வரை பெடலை மிதித்து, பிறகும் இருபது முறை மிதித்து, அக்குமுலேட்டர் வால்வில் ஆயிலை வெளியேற்ற உள்ள சிறு திருகான நிப்பிளில் டியூப் மாட்டி மெதுவாகத் திறந்து மிச்ச அழுத்தத்தையும் இறக்குங்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் குனியக் கூடாது. அக்குமுலேட்டர் உருண்டையை ஒர்க்‌ஷாப்பில் திறக்கவே வேண்டாம். ஆயிலை இறக்கினாலும் நைட்ரஜன் உள்ளேயே இருக்கும். அதில் காற்றோ ஆக்சிஜனோ நிரப்புவது தற்கொலைக்குச் சமம்.

ஹோஸ்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறை 'கேலிப்பர் ஜாம்' என்று தப்பாகக் கணித்துப் பணம் செலவழிப்பவர்கள் அதிகம். ரப்பர் ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும். உள்சுவர் உப்பித் துளை ஊசி அளவுக்குச் சுருங்கியிருக்கும். 2,500 பிஎஸ்ஐ ஆயிலை உள்ளே தள்ளிவிடும். பெடலை விட்டதும் திரும்பிவர அந்த அழுத்தம் இல்லை. பிரேக் பிடித்தபடியே நிற்கும், டிஸ்க் காய்ந்து புகையும். கண்டுபிடிக்க வழி எளிது: பத்து கிலோமீட்டர் ஓட்டி, சூடான சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்குங்கள். கையால் சுற்ற வரவில்லை என்றால் அந்தக் கேலிப்பரின் நிப்பிளைக் கால் சுற்று திறந்துவிடுங்கள். ஆயில் பீச்சி, சக்கரம் விடுபட்டால் குற்றவாளி ஹோஸ்தான். விடுபடாவிட்டால் பிஸ்டன் ஒட்டியிருக்கிறது. ஒன்று கெட்டால் மற்றதும் அதே வயதுதான். பத்து ஆண்டு தாண்டிய ஹோஸ்களை மொத்தமாக மாற்றுங்கள்.

இன்ஜினில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. பிளாக் அலுமினியம், உள்ளே பிஸ்டன் ஓடும் தனி உருளைகளான லைனர்கள், சுற்றிலும் கூலன்ட். லைனரின் அடி சீல் கெட்டால் தண்ணீர் இன்ஜின் ஆயில் தேங்கும் சம்ப்புக்குள் போகாமல் வெளியே வர, பிளாக்கின் பக்கவாட்டில் சிறு துளைகள் விட்டிருக்கிறார்கள். அங்கே வெள்ளைக் கறையோ ஈரமோ தெரிந்தால் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். துளை எபாக்ஸி வைத்து அடைக்கப்பட்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியதுதான் பெரும்பாலும் காரணம். சுமார் 16 லிட்டர் கொள்ளும் சிஸ்டத்தில் பாதி கூலன்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர்; இதையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ஃப்யூல் ஹோஸ் தாங்காது. எத்தனால் தாங்கும் ஹோஸ் வாங்கி, டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

பாடியில் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். மற்றவை இரும்பு. சேஸிஸ் தனியாகக் கிடையாது, பாடியே சேஸிஸ். ஆகவே கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியிலும் பின்சக்கர வளைவிலும் பட்டி பூசி மறைத்த துரு இருந்தால் அது வண்டியின் எலும்பில் உள்ள துரு. ஒரு காந்தம் கொண்டு போங்கள். மரத்தையும் லெதரையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், அவை காத்திருக்கும்.

பதிவு விஷயத்தில் 2021 முதல் தனி விதி இருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்குப் பயன்படாத வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். எண்ணில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' வரும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம்; தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. ஆகவே டீசல் இன்ஜின் மாற்றிய வண்டியை மலிவு என்று வாங்கினால் இந்தப் பதிவு கைக்கு வராது.

வாங்கி, வேலை முடித்து, புது ஆயில் ஊற்றிய அன்றே ஒரு காரியம் செய்யுங்கள். ரிசர்வாயர் மூடியில் 'ஆர்ஆர் 363 மட்டும். வேறு எதுவும் ஊற்றாதே' என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். ஒரு சீல் பிரிக்காத டின்னை டிக்கியிலேயே வையுங்கள். வழியில் லெவல் குறைந்தால் பக்கத்துக் கடைக்கு ஓட யாருக்கும் தோன்றக் கூடாது.