பழைய ரெமிங்டன் 700 ரைபிளின் ட்ரிக்கர்: இலவச மாற்றுத் திட்டம் முடிந்தபின் என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒரு டோஸ்டரோ குழந்தைத் தொட்டிலோ ஆபத்தானது என்று தெரிந்தால், நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அதைத் திரும்பப் பெறவைக்கலாம். துப்பாக்கி விஷயத்தில் அந்த அதிகாரம் அதற்குக் கிடையாது. ஆணையத்தை உண்டாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டமே துப்பாக்கியை விலக்கிவைத்துவிட்டது. அதனால் குறையுள்ள ரைபிளைத் திரும்பப் பெறுவது நிறுவனமாகப் பார்த்துச் செய்ய வேண்டியது. இல்லாவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். ரெமிங்டன் 700 விஷயத்தில் இரண்டும் நடந்தன.

குறை என்று சொல்லப்படுவது இதுதான். 1962-இல் வந்த இந்த ரைபிளில் ஏறக்குறைய 2006 வரை இருந்தது 'வாக்கர்' ட்ரிக்கர். அதற்குள்ளே கனெக்டர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு இருக்கிறது. அது ட்ரிக்கரோடு ஒட்டியதல்ல. ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. சுடும்போதெல்லாம் விலகித் திரும்பி வரும். நடுவில் தூசியோ துருவோ கெட்டியான எண்ணெயோ சிக்கினால் முழுதாகத் திரும்பாது. அப்புறம் சேஃப்டியை (தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டை) விலக்கித் தள்ளினாலே, விரல் ட்ரிக்கரில் படாமலே குண்டு பாயலாம்.

1982-க்கு முந்தைய ரைபிள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சேஃப்டி போட்டிருந்தால் போல்ட்டை, அதாவது தோட்டா போடும் அறையை மூடும் உருளையை, திறக்க முடியாது. தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விலக்கியாக வேண்டும். 2000-இல் மொன்டானாவில் ஒரு தாய் அப்படி விலக்கியபோதுதான் ரைபிள் வெடித்தது. குதிரைகளை ஏற்றிச் செல்லும் டிரெய்லருக்கு அந்தப் பக்கம் இருந்த அவருடைய 9 வயது மகன் இறந்துபோனான்.

வடிவமைப்பில் குறையில்லை என்றே நிறுவனம் கடைசிவரை சொன்னது. ஆனாலும் ரைபிள் வைத்திருந்தவர்கள் சார்பில் தொடுத்த வழக்கில் சமரசத்துக்கு ஒப்புக்கொண்டது. மிசோரி ஃபெடரல் கோர்ட் 2017-இல் அதை ஏற்றது. சுமார் 75 லட்சம் துப்பாக்கிகள் அதில் அடங்கும். 700, செவன் போன்ற மாடல்களுக்கு ட்ரிக்கரை இலவசமாக மாற்றித் தந்தார்கள். 600, 721 போன்ற பழைய மாடல்களுக்குக் கிடைத்தது 10 அல்லது 12.50 டாலர் வவுச்சர் மட்டும். உயிர் போகக்கூடிய விஷயத்துக்கு இது மிகமிகக் குறைவு என்பதே என் கருத்து. கோர்ட் ஒப்புதல் தந்த சமயத்தில் விண்ணப்பித்திருந்தவர்களோ சுமார் 22,000 பேர்தான். பலருக்கு இப்படி ஒரு திட்டம் இருப்பதே தெரியவில்லை.

விண்ணப்பிக்கும் கெடு 2020 ஏப்ரலில் முடிந்தது. அதே ஆண்டு நிறுவனம் இரண்டாவது முறையாகத் திவாலாகி, பிரித்து விற்கப்பட்டது.

சரி, இப்போது கையில் அந்த ரைபிள் இருந்தால்? முதலில் ட்ரிக்கரின் முகப்பைப் பாருங்கள். மேலிருந்து கீழாக வரிவரியாக இருந்தால் பெரும்பாலும் வாக்கர். வழவழப்பாக இருந்தால் அதற்குப் பிறகு வந்த எக்ஸ்-மார்க் ப்ரோவாக இருக்கலாம். அதையும் சும்மா விட்டுவிட வேண்டாம்: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை தயாரானவற்றில் ஒட்டுப்பசை அளவுக்கு அதிகமாகப் பூசப்பட்டு, தானாகவே சுடும் ஆபத்து இருந்ததால், 2014-இல் நிறுவனமே திரும்பக் கேட்டது.

எதுவானாலும் சோதித்துச் சரிபார்க்கும்வரை அந்த ரைபிளில் தோட்டா போடாதீர்கள். 'இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே' என்பது சமாதானமே ஆகாது. கோளாறு வந்து வந்து போவது, கழற்றிப் பார்த்தால் தடயம்கூட இருக்காது. சுத்தம் செய்தால் போதும் என்றும் நம்ப வேண்டாம். ட்ரிக்கரின் திருகுகளை வீட்டிலேயே தளர்த்திப் பார்ப்பது அதைவிட ஆபத்து.

உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து, கனெக்டர் இல்லாத வேறு ட்ரிக்கரைப் போடச் சொல்லுங்கள். டிம்னி போன்ற நிறுவனங்கள் இதற்கென்றே செய்து விற்கின்றன. செலவு உங்களுடையதுதான். 1982-க்கு முந்தையது என்றால், சேஃப்டி போட்டபடியே போல்ட் திறக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். உள்ளூரில் ஆள் இல்லையென்றால் வேறு மாநிலத்தில் இருக்கும் உரிமதாரருக்கு அனுப்பவும் ஃபெடரல் சட்டம் இடம் தருகிறது. பழுது பார்த்தபின் நேரே உங்களுக்கே திருப்பி அனுப்பலாம், வாங்கும்போது நிரப்பும் படிவம் மறுபடி வேண்டாம். மாநிலச் சட்டத்தை மட்டும் தனியே பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்ததும் என்ன ட்ரிக்கர், யார் மாற்றினார்கள், எந்தத் தேதி என்று எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி ரைபிளோடு வையுங்கள். நாளை அது வேறொருவர் கைக்குப் போனால் அவருக்கு அது தேவைப்படும்.