கேசட்டில் குரல் தேய்ந்து கேட்கிறதா? ஒலியைக் கூட்ட அவசரப்படாதீர்கள்

சென்ற மாதம் பென்னாகரத்திலிருந்து ஓர் அம்மா, தருமபுரியில் உள்ள என் கடைக்கு ஒரு பென் டிரைவுடன் வந்தார். அவருடைய தந்தை தெருக்கூத்துக் கலைஞர். அவர் ஆடிய கூத்து தொலைக்காட்சியில் வந்தபோது வீட்டிலேயே விசிஆரில் பதிந்து வைத்திருக்கிறார்கள். "படம் நன்றாகத்தான் தெரிகிறது தம்பி. அப்பா பாட ஆரம்பித்தால் கொரகொரவென்கிறது" என்றார்.

கணினியில் திறந்து பார்த்தேன். ஒலி அலையின் மேடுகள் எல்லாம் வெட்டிவிட்ட வேலிபோல ஒரே மட்டமாக நின்றன. கேசட்டிலிருந்து மாற்றிக் கொடுத்தவர், சத்தம் குறைவாக இருக்கிறதே என்று ஒலியை உச்சத்துக்கு ஏற்றியிருக்கிறார். அப்படி நறுக்கப்பட்ட பகுதி கோப்பில் இருப்பதே இல்லை. பிறகு எவ்வளவு குறைத்தாலும் திரும்பாது. நல்லவேளையாக மூலக் கேசட் அவர் வீட்டுப் பீரோவில் இருந்தது. மறுநாளே கொண்டுவந்தார்.

சத்தம் குறைந்ததற்குக் காரணம் கேசட்டே அல்ல, அதை ஓட்டும் டெக்தான். வீட்டு வீடியோ கேசட்டில் இருக்கும் விஎச்எஸ் நாடாவின் அகலம் அரை அங்குலம். சாதாரண விசிஆரில் படம் நாடாவின் நடுவில் சாய்கோடுகளாகப் பதிகிறது. ஒலியோ மேல் விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் அளவுத் தடத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறையில் நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகரும். பாட்டுக் கேசட்டின் வேகத்தில் ஏறத்தாழ பாதி. இவ்வளவு மெல்லிய தடத்தைப் படிக்கும் ஹெட்டில் கொஞ்சம் அழுக்குப் படிந்தாலும் குரல் கம்பளிக்குள் பேசுவதுபோல் அமுங்கிவிடும். பலர் படத்தைப் படிக்கும் சுழல் உருளையை மட்டும் துடைத்துவிட்டு, அதற்கு அப்பால் அசையாமல் நிற்கும் ஒலி ஹெட்டை மறந்துவிடுகிறார்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அதைத் துடைத்தேன். பஞ்சு பழுப்பானது, குரல் தெளிந்தது.

அடுத்து விளம்பரங்கள். டிவியிலிருந்து பதிந்ததில் இவைதான் பெரிய தொல்லை. மென்பொருளில், கோப்பின் உச்சம் வரம்பைத் தொடும்வரை எல்லாவற்றையும் ஒரே அளவில் ஏற்றும் 'நார்மலைஸ்' கொடுத்தும் ஒலி ஏறவில்லை என்று பலர் வருகிறார்கள். விளம்பரம் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டு நிற்கும்போது, கூத்துப் பகுதி ஏற இடமேது? விளம்பரங்களை முதலில் வெட்டுங்கள். அதன்பிறகும் முகவீணை என்ற ஊதுகருவி ஓங்கி, வசனம் தாழ்ந்தே இருந்தால் அந்தந்தப் பகுதியைத் தனித்தனியாக ஏற்றுங்கள். உச்சத்தை மட்டும் அளந்தால் போதாது என்பதால்தான் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியமும் 2010இல், காதில் விழும் உரப்பையே அளவுகோலாகக் கொண்ட ஆர் 128 பரிந்துரையை வெளியிட்டது.

கணினிக்கு மாற்றும்போது, ஒலியின் உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாதபடி வைக்கிறேன் (பூஜ்யம்தான் வரம்பு, அதற்கு மேல் நறுக்கப்படும்). டெக்கிலிருந்து வரும் ஒலி வயரை மைக் துளையில் செருகாதீர்கள். லைன் இன்னில்தான் செருக வேண்டும். ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் ஒலியைக் கூட்டாமல், அந்தப் பக்கத்தை மறுபக்கத்துக்கும் நகலெடுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து பதிபவர்கள் பாக்ஸின் வால்யூமையும் பாருங்கள். பல பாக்ஸ்களில் அதைக் குறைத்தால் பதிவிலும் குறையும். விஎல்சி பிளேயரில் 200 சதவீதம் வரை ஏற்றுவதெல்லாம் கேட்பதற்கு மட்டுமே, கோப்பு மாறாது.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடவே வேண்டாம். நாடாவோடு டெக்கும் கெடும்.

அந்த அம்மாவிடம் இரண்டு கோப்புகள் கொடுத்தேன். ஒன்று சீர்செய்தது, இன்னொன்று நான் கை வைக்காத நேரடி நகல். கேசட்டின் விளிம்பு மடிந்திருந்த ஓரிடத்தில் மட்டும் பாட்டின் ஓரடி இரண்டிலுமே கேட்கவில்லை.