உதிரி பேட்டரி, பவர் பேங்க், வேப்: விமானப் பயணியின் பையில் எது எங்கே இருக்க வேண்டும்?

பெட்டியை ஒப்படைத்து, போர்டிங் பாஸையும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக நகரும் பயணியைப் பெயர் சொல்லித் திரும்ப அழைப்பதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, புடவைகளுக்கும் முறுக்குப் பொட்டலங்களுக்கும் நடுவே பெட்டியின் அடியில் கிடக்கும் ஒரு பவர் பேங்க்தான். அதை எடுத்துக் கைப்பையில் வைத்திருந்தால் எவரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். பவர் பேங்க், கேமராவுக்கான மாற்று பேட்டரி, டார்ச் லைட்டுக்கான ரீசார்ஜ் செல் என எந்தக் கருவியிலும் பொருத்தப்படாமல் தனியாக இருக்கும் லித்தியம் பேட்டரி அனைத்தும் விதியின் பார்வையில் 'உதிரி பேட்டரி' ஆகும். அது பயணியோடு கேபினுக்குள் மட்டுமே வரலாம், சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த இவ்விதி இந்தியாவிலும் நடைமுறையில் உள்ளது. விமான நிறுவனங்கள் இதைவிடக் கடுமையாக நடந்துகொள்ளலாமே தவிர, தளர்த்த முடியாது.

ஆபத்தான பொருளை மனிதர்கள் உட்காரும் இடத்தில் வைக்கச் சொல்வது முதலில் விசித்திரமாகத் தோன்றும். லித்தியம் செல் ஒன்று உள்ளே பழுதாகிச் சூடேறத் தொடங்கினால், அந்தச் சூடே அடுத்த வேதிவினையைத் தூண்டி, அது இன்னும் சூட்டைப் பெருக்கி, பக்கத்துச் செல்லுக்கும் பரவும். சரக்கு அறையில் தீயணைப்புக்காக உள்ள ஹாலான் வாயு சுவாலையை அடக்கும். ஆனால் செல்லுக்குள் நடக்கும் வினையை அதனால் நிறுத்த முடியாது. கேபினில் புகை கிளம்பினால் அடுத்த நொடியே யாராவது பார்த்துவிடுவார்கள். பணிப்பெண்கள் தீயை அணைத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். கண்ணும் கையும் எட்டும் இடத்தில் இருக்கட்டும் என்பதே இந்த விதியின் முழு நோக்கம்.

அடுத்தது அளவு. பவர் பேங்க் வாங்கும்போது நாம் பார்ப்பது மில்லி ஆம்பியர்-மணி (mAh) எண்ணைத்தான். விதி பார்ப்பதோ பேட்டரியில் அடங்கும் ஆற்றலின் அளவான வாட்-மணியை (Wh). 100 வாட்-மணி வரை யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றில், விமான நிறுவனத்தின் முன் அனுமதியுடன் இரண்டு உதிரிகள் வரை எடுத்துச் செல்லலாம். 160ஐத் தாண்டினால் பயணியின் பையில் அதற்கு இடமே இல்லை. மில்லி ஆம்பியர்-மணி எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வாட்-மணி கிடைத்துவிடும்: 20,000 எனில் 74, 27,000 எனில் ஏறத்தாழ 100, 30,000 எனில் 111. யு.எஸ்.பி. வழியாக வெளிவரும் 5 வோல்ட்டை வைத்துக் கணக்கிட்டு, 20,000 உள்ளதே 100ஐத் தொட்டுவிட்டது என்று பயந்துபோகிறவர்கள் உண்டு. செல்லின் சொந்த வோல்ட் 3.7 என்பதால் அந்தப் பயம் தேவையில்லை. தேய்ந்து எழுத்தே தெரியாத பவர் பேங்கை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாதுகாப்புச் சோதனைக் கவுண்டரில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அளவு தெளிவாக அச்சிடப்பட்டதை எடுத்துச் செல்வதே நல்லது. சீனாவில் 2025 ஜூன் 28 முதல், அந்நாட்டுத் தரச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்குகளை உள்நாட்டு விமானங்களில் அனுமதிப்பதில்லை.

டார்ச் லைட்டுகளிலும் வேப் எனப்படும் மின்னணு சிகரெட் கருவிகளிலும் பயன்படும் 18650 என்ற உருளைச் செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அளவில் பத்துப் பன்னிரண்டு வாட்-மணிதான் என்பதால் வரம்புக்கு வெகு கீழே நிற்கும் அதனால் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஆனால் அதன் நுனியில் மட்டும் நேர்முனை இருக்க, அதைச் சுற்றிய உலோக உடல் முழுவதுமே எதிர்முனை. இரண்டையும் பிரித்து வைத்திருப்பது தாள் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறை மட்டுமே. அந்த உறையில் ஒரு கீறல் விழுந்த செல்லைச் சட்டைப் பையில் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் போட்டால், சாவி ஒன்று இரு முனைகளையும் இணைத்து, நொடிப்பொழுதில் சூட்டைக் கிளப்பிவிடும். ஆகவே உதிரி பேட்டரி ஒவ்வொன்றும் அதற்குரிய பிளாஸ்டிக் பெட்டியிலோ தனித்தனிப் பையிலோ இருக்க வேண்டும், அல்லது முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டப்பட்டிருக்க வேண்டும் என்பது அறிவுரை அல்ல, விதியின் ஒரு பகுதி.

இனி வேப். பட்டன் தவறுதலாக அழுந்தினாலே சூடேறும் கருவி என்பதால், 2015 முதல் சர்வதேச விதி அதைச் செக்-இன் பெட்டியில் தடை செய்து, கைப்பையில் மட்டும் அனுமதிக்கிறது. விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தவோ சார்ஜ் செய்யவோ கூடாது. வெளிநாட்டிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ வருபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விமான விதி அனுமதித்ததை இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டம், அதற்கு முந்தைய அவசரச் சட்டம் வெளியான அவ்வாண்டு செப்டம்பர் 18 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்படுகிறது. தயாரிப்பு, இறக்குமதி, ஏற்றுமதி, போக்குவரத்து, விற்பனை, விநியோகம், விளம்பரம் அனைத்தையும் அது தடுக்கிறது; முழுக் கருவிக்கு மட்டுமல்லாமல் அதன் எந்தப் பாகத்துக்கும் தடை பொருந்தும். நிக்கோடின் இல்லாத வேப், இ-ஹூக்கா, புகையிலையை எரிக்காமல் சூடாக்கும் கருவி ஆகியவையும் இதில் அடங்கும். முதல் முறை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மீண்டும் மீறினால் மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். இருப்பு வைப்பதற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐம்பதாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று என்ற விலக்கு சட்டத்தில் எழுதப்படவில்லை. துபாயிலும் லண்டனிலும் கடையில் பில் போட்டு விற்கிறார்களே என்ற வாதம் இங்குள்ள சுங்கத் துறையிடம் எடுபடாது. சிங்கப்பூர் வழியாகச் செல்பவர்களும் கவனிக்க வேண்டும்: 2018 பிப்ரவரி 1 முதல் அங்கு வேப் வைத்திருப்பதே குற்றம்.

பவர் பேங்க் கேபினுக்குள் வந்த பிறகும் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், ஹாங்காங் புறப்படத் தயாராக நின்ற ஏர் பூசான் விமானத்தின் தலைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினர். பவர் பேங்க் ஒன்றின் உள்ளே மின்காப்பு சிதைந்தது காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் தெரிவித்தனர். தென் கொரியா மார்ச் 1 முதல் அதைத் தலைக்கு மேலே வைக்கத் தடை விதித்தது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதையே நிறுத்தின. எந்த நிறுவனத்தில் பறந்தாலும், முன் இருக்கையின் அடியில் உள்ள பையில் வைத்துக்கொள்வதே சரி.

வழக்கத்தைவிட வேகமாகச் சார்ஜ் இறங்கும் பேட்டரி பழையதாகிவிட்டது என்று பொருள். அதை எடுத்துச் செல்லத் தடையில்லை. வயிறு உப்பியது, நசுங்கியது, கசிவது, நிறுவனமே திரும்பப் பெற அறிவித்தது ஆகியவை கைப்பையிலும் வரக் கூடாது. மேசைமேல் தட்டையாக உட்காராமல் ஆடும் பவர் பேங்க் உப்பிவிட்டது என்றே கொள்ளலாம். அதை வீட்டுக் குப்பைத் தொட்டியிலும் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கூட்டம் மிகுந்த விமானங்களில், மேலே இடமில்லை என்று சொல்லி, ஏறும் வாசலிலேயே கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்புவது உண்டு. அப்போது அந்தக் கைப்பையும் செக்-இன் பெட்டியாகிவிடுகிறது. ஊழியர் அதில் அட்டையை மாட்டுவதற்கு முன்பே பேட்டரிகளை வெளியே எடுத்துவிட வேண்டும். பத்து பேர் பின்னால் நிற்கும் அந்த இடத்தில் பையைக் கலைத்துத் தேடாமலிருக்க, எல்லா உதிரிகளையும், அவற்றின் தனித்தனி உறையோடு, வீட்டிலேயே ஒரே சிறு பையில் போட்டு, ஜிப்பைத் திறந்ததும் கைக்கு வரும்படி மேலாக வைத்திருங்கள்.