செக்ரட்டேரியட்டின் வேகம்: இதயம் மட்டுமா காரணம்?

அமெரிக்கப் பந்தயக் குதிரையான செக்ரட்டேரியட்டுக்கு மற்றக் குதிரைகளைவிட இரு மடங்கு பெரிய இதயம் இருந்ததாமே, அதனால்தான் அதன் சாதனைகளை யாரும் முறியடிக்க முடியவில்லையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதயம் பெரிதாக இருந்தது உண்மைதான். ஆனால் அது பாதி விடை. மீதிப் பாதி, யாரும் அதிகம் பேசாத மண்ணீரலில் இருக்கிறது.

செக்ரட்டேரியட் 1970 மார்ச் 30 அன்று விர்ஜீனியாவில் பிறந்தது. உரிமையாளர் பென்னி செனரி, பயிற்சியாளர் லூசியன் லாரின், பெரும்பாலான வெற்றிகளில் அதன் மீது அமர்ந்திருந்த ஜாக்கி ரான் டர்காட். மொத்தம் 21 பந்தயங்களில் ஓடி 16இல் வென்றது. 1973இல் கென்டக்கி டெர்பி, பிரீக்னஸ், பெல்மான்ட் ஆகிய மூன்றையும் வென்று, 25 ஆண்டுகளாக எந்தக் குதிரைக்கும் கிட்டாத மும்முடிப் பட்டத்தைப் பெற்றது. அந்த மூன்று பந்தயங்களிலும் அது பதித்த நேரங்களே இன்றும் சாதனைகளாக நிற்கின்றன. பெல்மான்ட்டின் ஒன்றரை மைலை 2 நிமிடம் 24 நொடியில் கடந்தபோது, இரண்டாவதாக வந்த குதிரை 31 குதிரை நீளம் பின்தங்கியிருந்தது.

என்னை அதைவிட வியக்க வைப்பது டெர்பி ஓட்டம். அதன் ஒன்றேகால் மைலை ஐந்து கால் மைல்களாகப் பிரித்துப் பார்த்தால், செக்ரட்டேரியட் எடுத்துக்கொண்ட நேரம் 25.2, 24, 23.8, 23.4, 23 நொடிகள். தசைகள் களைத்துப்போக வேண்டிய இடத்தில் வேகம் கூடிக்கொண்டே போயிருக்கிறது. கடைசிவரை தசைகளுக்கு ஆக்சிஜன் தாராளமாகப் போய்ச் சேர்ந்தால் ஒழிய இது நடக்காது.

ஓய்வாக நிற்கும் குதிரையின் இதயம் நிமிடத்துக்கு 30 முதல் 40 முறை துடிக்கும்; முழுப் பாய்ச்சலில் 220ஐத் தாண்டும். அப்போது நிமிடத்துக்கு 200 லிட்டருக்கும் மேல் இரத்தம் வெளியேறுகிறது. இனி மண்ணீரலுக்கு வருவோம். நம் உடலில் அது பழைய சிவப்பணுக்களை வடிகட்டும் சிறிய உறுப்பு. குதிரையிலோ அது தசைநார்கள் நிறைந்த பெரிய பை. குதிரை சும்மா நிற்கும்போது உடலின் சிவப்பணுக்களில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் மேலோ, அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த சேமிப்பைப் போல, அதற்குள் தங்கியிருக்கும். ஓட்டம் தொடங்கி அட்ரினலின் சுரந்ததும் பையின் சுவர் இறுகி, சிவப்பணுக்களை இரத்தத்துக்குள் பிழிந்து விடுகிறது. இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 35–40 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காட்டுக்கும் மேல் ஏறிவிடும். விளையாட்டு வீரர்கள் தடையை மீறி ஊசி வழியாக ஏற்றிக்கொள்ளப் பார்க்கும் கூடுதல் சிவப்பணுக்களைக் குதிரை தன் உடலிலிருந்தே சில நொடிகளில் எடுத்துக்கொள்கிறது. மண்ணீரல் அகற்றப்பட்ட குதிரைகளை ஓடவைத்துச் செய்த சோதனைகளில், அவற்றால் உட்கொள்ள முடிந்த ஆக்சிஜன் கணிசமாகக் குறைந்ததே இதற்குச் சான்று.

இதற்கு ஒரு விலை உண்டு. சிவப்பணுக்கள் பெருகப் பெருக இரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான இரத்தத்தைத் தள்ள இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும். நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, அவை வெடித்து இரத்தம் கசிவது பந்தயக் குதிரைகளிடம் சாதாரணம். ஆகவே பெரிய இதயத்தின் பெருமை, மண்ணீரல் கெட்டியாக்கிய இரத்தத்தைத் தளராமல் சுற்றிவரச் செய்வதில்தான் இருக்கிறது.

1989இல் செக்ரட்டேரியட் இறந்தபின் உடற்கூறாய்வு செய்த மருத்துவர் தாமஸ் ஸ்வெர்செக், அதன் இதயம் சுமார் 10 கிலோ இருக்கும் என மதிப்பிட்டார், எடை போடவில்லை. பந்தயத்துக்கென வளர்க்கப்படும் தரோபிரெட் இனக் குதிரையின் இதயம் வழக்கமாக 4 கிலோ அளவில் இருக்கும். டெர்பியிலும் பிரீக்னஸிலும் செக்ரட்டேரியட்டுக்கு அடுத்து வந்து, பெல்மான்ட்டில் கடைசியாக வந்த ஷாம் என்ற குதிரையின் இதயத்தை அதே மருத்துவர் பின்னர் எடை போட்டபோது அது 8 கிலோவுக்கும் மேல் இருந்தது. இதயத்தின் அளவே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், ஷாம் அப்படிப் பின்தங்கியிருக்க வேண்டியதில்லை.

பெரிய இதயம் தாய்வழி எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரே மரபணுவால் வருகிறது என்று குதிரை வளர்ப்போரில் சிலர் உறுதியாக நம்புகிறார்கள். அப்படியொரு மரபணுவை இதுவரை யாரும் காட்டவில்லை. ஆனாலும் அந்த நம்பிக்கையை வைத்து வம்சாவளிப் பட்டியல்களை அலசிப் பெரும் பணம் கைமாறுகிறது. இதைச் சோதிடத்திலிருந்து வேறுபடுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பணம் போக வேண்டிய இடம் குளம்பு ஆய்வு என்பேன். 1973இல் 60 லட்சம் டாலருக்கும் மேல் மதிப்பிட்டுப் பங்கு போட்டு விற்கப்பட்ட செக்ரட்டேரியட்டை, கடைசியில் லாமினைட்டிஸ் நோய் கொண்டுபோனது. குளம்பின் சுவரை உள்ளிருக்கும் எலும்போடு பிணைக்கும் மெல்லிய மடிப்புகள் அழற்சியால் பிரிந்து, உடலின் முழு எடையும் பிடிப்பிழந்த எலும்பின் மீது இறங்கும்; ஒவ்வோர் அடியும் வலிக்கும். கென்டக்கியின் கிளெய்போர்ன் பண்ணையில் 19 வயதில் அதைக் கருணைக்கொலை செய்வதைத் தவிர மருத்துவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றும் முற்றிய நிலையில் இந்நோய்க்கு உறுதியான சிகிச்சை கிடையாது.