ஸ்டேஷன் வாசல் வரை

போன மாசம் சித்தப்பாவைக் கூப்பிட காட்பாடி ஜங்ஷனுக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து வருகிறார், வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் முழங்காலைக் காட்ட வேண்டும். 130 கிலோமீட்டரை ரயில் இரண்டு மணி நேரத்தில் கடந்துவிட்டது. ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் எக்ஸ்ரே வைத்த பெரிய கவர். பிளாட்ஃபாரத்திலிருந்து வெளியே வருவதற்குள் நான்கு இடத்தில் நின்றார். வாசலுக்கு வந்ததும், "இன்னும் எவ்ளோ தூரம்பா?" என்றார்.

"ஏழு கிலோமீட்டர் இருக்கும் சித்தப்பா."

"ஆஸ்பத்திரிய கேக்கலப்பா. வண்டி எங்க நிக்குதுன்னு கேக்கறேன்."

ஒரு ஊரின் போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான் என்று எனக்குப் பட்டது. ஊருக்குள் டிராம் (சாலையிலேயே பதித்த தண்டவாளத்தில் ஓடும் சின்ன ரயில்) ஓடினாலும் சரி, வேறு எந்த வண்டி ஓடினாலும் சரி, அது ரயில்வே ஸ்டேஷன் வாசல் வரை வருகிறதா, அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடுகிறதா? அந்த அரை கிலோமீட்டருக்குள் கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் கணக்கும் இருக்கின்றன.

முதலில், நம் ஸ்டேஷன் ஏன் ஊருக்கு வெளியே இருக்கிறது? தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வட ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோடு வரை வந்தது. மேற்குக் கடற்கரையைச் சேர்வதுதான் அந்தப் பாதையின் குறி. வழியிலிருந்த ஊர்களின் கடைத்தெருவைத் தொட்டுக்கொண்டு போவது அதன் வேலையாக இருக்கவில்லை. வாலாஜா ரோடு, கொடைக்கானல் ரோடு என்று ஸ்டேஷன் பெயரோடு ‘ரோடு’ ஒட்டிக்கொண்டிருந்தால், இங்கே இறங்கி ரோட்டைப் பிடித்து ஊருக்குப் போய்க்கொள் என்று அர்த்தம். காட்பாடிக்கு அந்த ஒட்டு இல்லை, ஆனால் சங்கதி அதேதான். ஸ்டேஷன் பாலாற்றுக்கு வடக்கே, வேலூர்க் கோட்டையும் சிஎம்சியும் தெற்கே. நடுவில் ஆறும், ஆற்றுப் பாலமும், விருதம்பட்டு நெரிசலும்.

டிராமின் கதை ஸ்டேஷன் வாசலிலேயே தொடங்கியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவின் முதல் டிராம் 1873 பிப்ரவரியில் கல்கத்தாவில் ஓடியது. குதிரை இழுத்த வண்டி. அதன் ஒரு முனை சியால்டா ரயில் நிலையம், மறு முனை ஹூக்ளி ஆற்றங்கரையில் ஆர்மேனியன் படித்துறை. ரயிலில் வந்து இறங்குவதை ஆற்றுக்குக் கொண்டுபோவதே அதன் வேலை. அந்த வண்டி சில மாதங்களில் நின்றுபோனாலும், எங்கிருந்து எங்கே போட வேண்டும் என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். 1895இல் சென்னைக்கு மின்சார டிராம் வந்தது, இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம். 1953 வரை ஓடியது. அதில் பீச் பக்கம் போன கதையைச் சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள்.

சரி, டிராமில் அப்படி என்ன விசேஷம்? பஸ்ஸே போதாதா?

டிராமின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைத் தொடும் இடம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய ஒரு சதுர சென்டிமீட்டர். நம் சுண்டுவிரல் நகம் அளவு. 40 டன் எடையுள்ள வண்டி அப்படிப்பட்ட சில நகங்களின் மேல் நிற்கிறது. இரும்பு கடினமானது, நசுங்காது. ரப்பர் டயர் அப்படியில்லை. உருளும்போது ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிர்ந்து, நசுங்கி நிமிர்ந்து, கொடுத்த சக்தியில் ஒரு பங்கைச் சூடாக்கி வீணடிக்கிறது. வெயிலில் ஓடி வந்த பஸ்ஸின் டயரைத் தொட்டுப் பார்த்தால் தெரியும். சமதரையில் 40 டன் டிராமை ஒரே வேகத்தில் உருட்டிக்கொண்டு போக 80 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை இருந்தால் போதும் (காற்றின் எதிர்ப்பு தனி). அதே எடை டயரில் ஓடினால் 250 முதல் 400 கிலோ வரை வேண்டும். இரண்டு மூன்று பெட்டிகளைக் கோத்து, 200 பேரை ஒரே டிரைவர் ஓட்டிப்போக முடிவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் எளிதாக உருளும் சக்கரம் எளிதாக வழுக்கவும் செய்யும். மழையில் நனைந்த தண்டவாளத்தில் பிடிமானம் ரொம்பக் குறைவு. அதற்காக டிராமில் மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அதன் முன்னால் ஒரு குழாய் மணலைத் தூவும். அவசர பிரேக்கில் மின்காந்தக் கட்டை ஒன்று கீழே இறங்கி தண்டவாளத்தையே கவ்விப் பிடிக்கும். சாலையில் மனிதர்களுக்கு நடுவே ஓடுகிற வண்டி, ரயிலைப் போல நிற்க ஒரு கிலோமீட்டர் எடுத்துக்கொள்ள முடியாதே.

ஸ்டேஷன் விஷயத்தில் டிராமுக்கு இன்னும் இரண்டு குணங்கள் கைகொடுக்கின்றன. ஒன்று, வளைவு. ரயில் திரும்ப நூற்றுக்கணக்கான மீட்டர் ஆரமுள்ள வளைவு வேண்டும். டிராம் 25 மீட்டர் ஆரத்திலேயே திரும்பிவிடும். அதனால் தெருமுனையில் திரும்பி ஸ்டேஷன் முற்றத்துக்குள்ளேயே வந்து நிற்க முடியும். இன்னொன்று, தாழ்தளம். இப்போது வரும் டிராம்களின் தரை சாலையிலிருந்து 30, 35 சென்டிமீட்டர் உயரம்தான். நிறுத்தத்தின் மேடையை அதே உயரத்துக்குக் கட்டிவிட்டால் படியே கிடையாது. சக்கர நாற்காலி நேராக உள்ளே போகும். டவுன் பஸ்ஸின் படியில் ஏறத் தடுமாறும் நோயாளியைப் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இனி கணக்கு. போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் எல்லா நிமிடத்தையும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடம் ஒரு நிமிடம்தான். நடக்கும் நிமிடத்தையும் காத்து நிற்கும் நிமிடத்தையும் ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கணக்கில் வைப்பது வழக்கம். மனிதர்கள் அதை அப்படித்தான் உணர்கிறார்கள், அதை வைத்துத்தான் எதில் போவது என்று முடிவெடுக்கிறார்கள்.

காட்பாடியிலிருந்து சிஎம்சிக்கு டிராம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். 6 நிமிடத்துக்கு ஒரு வண்டி, சராசரிக் காத்திருப்பு 3 நிமிடம். பாதை ஸ்டேஷனுக்கு 700 மீட்டர் முன்னாலேயே முடிந்துவிடுகிறது என்றால் 10 நிமிட நடை, 3 நிமிடக் காத்திருப்பு, 20 நிமிடப் பயணம். கடிகாரத்தில் 33 நிமிடம். மனசுக்கோ 20, 6, 20 என்று 46 நிமிடம். அதே பாதையை ஸ்டேஷன் வாசல் வரை நீட்டினால் 2 நிமிட நடை, 3 நிமிடக் காத்திருப்பு, 23 நிமிடப் பயணம். கடிகாரத்தில் 28, மனசுக்கு 33. நீட்டிப்பால் கடிகாரத்தில் மிச்சமாவது வெறும் 5 நிமிடம். ஆனால் பயணிக்கு மிச்சமாவது 13. இதில் பெட்டியோ, முழங்கால் வலியோ, மே மாத வேலூர் வெயிலோ சேரவில்லை. எங்கள் ஊர் வெயிலில் 700 மீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது குறைச்சலான மதிப்பு என்றே சொல்வேன்.

காத்திருப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் டைம் டேபிளைக் காட்டி நம்மை ஏமாற்றுவது அதுதான். 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்போம் என்று தோன்றும். பஸ்கள் சீராக வந்தால் அது சரி. ஆனால் ஒரு பஸ் கொஞ்சம் தாமதமானால் அடுத்த நிறுத்தத்தில் அதற்குக் கூடுதல் கூட்டம் சேரும். ஏற்றி இறக்க நேரம் ஆகும், இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்குக் கூட்டம் குறைந்து, அது வேகமாக வந்து முன்னதை ஒட்டிக்கொள்ளும். கடைசியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பஸ், அப்புறம் நீண்ட வெறுமை. இடைவெளி 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம் என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். பஸ் எண்ணிக்கை அதேதான், சராசரி இடைவெளியும் அதே 10 நிமிடம்தான். ஆனால் நிறுத்தத்துக்கு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் மாட்டிக்கொள்வார்கள். சராசரிக் காத்திருப்பு 8 நிமிடத்தைத் தாண்டிவிடும். தனித் தடமும் அகலமான பல கதவுகளும் இருந்தால் இந்தச் சங்கிலி அறுகிறது. டிராமுக்கு அவை இரண்டும் வழக்கமாக உண்டு. பஸ்ஸுக்கும் கொடுக்கலாம், கொடுத்தால் பஸ்ஸும் நன்றாகவே ஓடும்.

நீட்டிப்புக்கு ஆகும் செலவைப் பேசும்போது பலரும் புதுப் பாதை போடுகிற மாதிரி பேசுகிறார்கள். அது சரியில்லை. ஓடிக்கொண்டிருக்கிற பாதையை நீட்டும்போது பணிமனை ஏற்கெனவே இருக்கிறது. கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. பயிற்சி பெற்ற டிரைவர்கள் இருக்கிறார்கள். வண்டி எத்தனை கூடுதலாக வேண்டும்? ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை இடைவெளியால் வகுத்து, பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணாக்கினால் வண்டிகளின் எண்ணிக்கை வந்துவிடும். போய்வர 50 நிமிடம், 6 நிமிட இடைவெளி என்றால் 9 வண்டி. ஒரு கிலோமீட்டர் நீட்டினால் போய்வரக் கூடுதலாக 8 நிமிடம், மொத்தம் 58. வகுத்துப் பாருங்கள், 10 வண்டி. கூடுதலாக ஒன்றே ஒன்று. அந்த ஒரு வண்டிக்கும் ஒரு கிலோமீட்டர் தண்டவாளத்துக்கும் ஈடாக, பழைய பாதையிலிருக்கும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ரயிலில் போகக்கூடிய ஒவ்வொரு ஊரும் ஒரே மாற்றத்தில் கிடைத்துவிடுகிறது. சாதாரணமாகக் காலையில் ஊர் மையம் நோக்கி நிரம்பி வரும் வண்டி திரும்பும்போது காலியாகப் போகும். மறுமுனையில் ரயில் வந்து கூட்டத்தை இறக்கினால் இரண்டு திசையிலும் ஆள் இருக்கும்.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரம் இதை அனுபவித்துக் கற்றது. 1999இல் வுல்வர்ஹாம்ப்டனிலிருந்து வந்த டிராம், பர்மிங்காமின் ஸ்னோ ஹில் ஸ்டேஷனோடு நின்றுவிட்டது. பழைய ரயில் பாதையின் நிலம் அதுவரை சும்மா கிடந்தது, அதில் போடுவது எளிதாக இருந்தது. ஆனால் நகரின் பெரிய ஸ்டேஷனான நியூ ஸ்ட்ரீட் அங்கிருந்து பத்து நிமிட நடை. அந்தச் சின்னத் துண்டைப் போட்டு 2016 மே மாதம் நியூ ஸ்ட்ரீட் வாசலைத் தொட 17 ஆண்டுகள் ஆயின. தொட்டதும் ஆண்டுப் பயணிகள் சுமார் 48 லட்சத்திலிருந்து 62 லட்சம் அளவுக்குக் கூடினார்கள். மறுமுனையிலும் இதே கதை. வுல்வர்ஹாம்ப்டன் ரயில் நிலையத்துக்கு டிராம் போய்ச் சேர்ந்தது 2023 செப்டம்பரில்தான். நம் பக்கமும் உதாரணத்துக்குப் பஞ்சமில்லை. 2007இல் வேளச்சேரி வந்த பறக்கும் ரயில், பரங்கிமலை வரையிலான 5 கிலோமீட்டருக்காகப் பத்தாண்டுக்கும் மேல் இழுத்தடிக்கப்பட்டது. அத்தனை வருடமும் அங்கே இறங்கியவர்கள் அந்த இரட்டை மடங்கு நிமிடங்களைச் செலவழித்துக்கொண்டேதான் இருந்தார்கள்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கும் 1913இல் பெரிய ஸ்டேஷனை ஊர் மையத்தை விட்டுத் தள்ளிக் கட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி டிராமுக்கு மாற வேண்டும். 1992இல் டிராமையே ரயில் தண்டவாளத்தில் ஏற்றி ஓட்டினார்கள். சிக்கல் மின்சாரத்தில். டிராமுக்கு 750 வோல்ட் நேர்மின்சாரம், அங்குள்ள ரயிலுக்கு 15,000 வோல்ட் மாறுமின்சாரம். இரண்டிலும் ஓடும்படி, வோல்ட்டைக் குறைக்கும் மின்மாற்றியும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் திருத்தியும் வண்டியிலேயே ஏற்றப்பட்டன. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே மின்சாரம் இல்லாத ஒரு சின்ன இடைவெளியை வண்டி ஓடுகிற வேகத்திலேயே கடக்கும், அதற்குள் உள்ளே இணைப்பு மாறிவிடும். பயணிக்கு எதுவும் தெரியாது. சக்கரத்தின் விளிம்பைக்கூட இரண்டு வகைத் தண்டவாளத்துக்கும் பொருந்தும்படி வடித்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து கடைத்தெரு வரை இறங்காமல் வர முடிந்தது.

வேலூரை மேலிருந்து பார்த்தால் ஒரு குச்சி மாதிரி இருக்கும். தெற்கே பாகாயம், நடுவில் கோட்டையும் சிஎம்சியும், அப்புறம் ஆற்றுப் பாலம், விருதம்பட்டு, வடக்கே காட்பாடி. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வருகிற நோயாளிகள், விஐடி மாணவர்கள், கடைக்கு வரும் கிராமத்துச் சனங்கள், எல்லோரும் இந்த ஒரே கோட்டில்தான் மேலும் கீழும் போகிறார்கள். ஒரே பாதை எல்லோருக்கும் பயன்படுகிற ஊர் அபூர்வம். ஆற்காடு ரோட்டில் சிஎம்சி எதிரே தனித் தடத்துக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, அந்த இடத்தில் கார்களுக்குக் கொஞ்சம் வலிக்கும். பாலம் தாங்குமா என்று பொறியாளர்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் பாலாற்றைத் தாண்டிக் காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட் போகும் தண்டவாளம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கார்ல்ஸ்ரூக்காரர்கள் வந்தால் முதலில் அதைத்தான் போய்ப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

எந்த வண்டி என்பதை விட அது எங்கே நிற்கும் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருப்பேன். பிளாட்ஃபாரத்திலிருந்து வெளியே வருகிறவர் கண்ணில் படும்படி, சாலையைக் கடக்காமல், படி ஏறாமல், கூரைக்கு அடியிலேயே நடந்து வரும்படி நிற்க வேண்டும். அன்றைக்கு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சித்தப்பா தன் வாட்சைப் பார்த்தார். ரயிலிலிருந்து காலைக் கீழே வைத்து அந்த சீட்டுக்கு வந்து சேர 19 நிமிடம் ஆகியிருந்தது.