படிவத்தில் கிணற்றுக்கு இடமில்லை

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறேன். காலாண்டுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: பயிர், பரப்பு, விளைச்சல். சின்ன வெங்காயம் கூடினால் மேலிடத்துக்கு மகிழ்ச்சி. குறைந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். ஒருமுறை, வெங்காயம் நன்றாகக் கூடிய காலாண்டிலேயே, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் அதே ஊரின் கிணற்றுநீர் அறிக்கையோடு வந்தார். நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியிருந்தது. என் கோப்பில் பாராட்டு, அவர் கோப்பில் எச்சரிக்கை. இரண்டும் ஒரே தோட்டத்தைப் பற்றியவை.

எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கியாறும் மாரியில்தான் ஓடும். குடிக்கவும் இறைக்கவும் கிணறுதான். செம்மண்ணுக்குக் கீழே வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்த்தவர்களுக்கு விளங்கும். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடும் இறைப்போடும் கீழே இறங்கும். கொதிக்க வைத்தால் சரி என்று பலர் நினைக்கிறார்கள். நைத்திரேற்று கொதித்துப் போகாது. நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம்.

1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டில் வெங்காயமும் மிளகாயும் விற்றுக் கல்வீடு கட்டிய கதை இங்கே பல வீடுகளில் உண்டு. 1977க்குப் பிறகு சந்தை திறந்து விலை விழுந்த கதையும் உண்டு. இன்றும் இறக்குமதி வரி ஏறினால் விலை ஏறும். பிறகு பயிர்செய்யும் தறை கூடும், மோட்டர் கூடுதல் நேரம் ஓடும், பசளையும் கூடும். உள்ளூர் உற்பத்தி பெருகியது என்று அறிக்கை எழுதலாம். பொய்யில்லை, பாதிதான்.

2021 இதற்கு நேரெதிர். மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடை நீக்கம். சேதனப் பசளை நல்லதுதான், நானே பரிந்துரைப்பவன். ஆனால் கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடாக ஒரு தொன்னுக்கு மேல் வேண்டும். எங்கே மாடு, எங்கே குழை? பனையோலையை எருவாக மண்ணில் தாழ்த்திய தலைமுறையிலும் பலர் இப்போது இல்லை. “சேர், இந்த மண்ணைப் பழக்கினது நீங்கள்தானே, ஒரு நாளில மறக்கச் சொன்னால் மறக்குமோ?” என்று ஒருவர் கேட்டார். என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. தடை போனதும் பசளை திரும்பி வந்தது. கிணற்றைப் பற்றிய பேச்சுத் திரும்பி வரவில்லை. எனக்கு அதுதான் பெரிய நட்டம்.

சந்தையில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று காசு கொடுக்காமல் வெட்டுவதும் இதில் சேரும். வெட்டுப்பட்டதை ஈடுகட்ட அடுத்த போகத்தில் இன்னொரு மூட்டை போடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் மூன்று விடயம் குறிக்கிறேன்: பரப்புக்கு எத்தனை கிலோ யூரியா, ஆவணியில் கிணற்றில் எத்தனை முழம் தண்ணீர், கழிவு போகக் கைக்கு வந்த காசு. கணினியில் ஏற்றும் பிள்ளை, “சேர், இதுக்குப் பெட்டி இல்லை” என்று ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்புகிறாள். நானும் ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.